கலந்தா சரியாப்பூடும்

டீயின் கடைசி மடக்கில்தான் அந்த யோசனை வந்தது. திருவிடந்தை பஸ் ஸ்டாப்புக்கு எதிர்க் கடை. மாஸ்டர் அவசரத்தில் சர்க்கரையைப் போட்டு அப்படியே நீட்டிவிட்டார். பேச்சு மும்முரத்தில் நானும் கலக்கவில்லை. முதல் மடக்கு கசப்பு, நடுவில் சுமார், கடைசி மடக்கில் மொத்தச் சர்க்கரையும் வாய்க்குள் சரிந்து பல் கூசியது. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த டீயை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? நன்றாகக் கலக்கி, ஒரு சொட்டு எடுத்து, சர்க்கரை அளவு சரி என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதில் பொய்யும் இல்லை. ஆனால் என் பல் கூசியது கூசியதுதான்.

எதிரே உட்கார்ந்திருந்த சிநேகிதி அமுலு, "இன்னாடி, டீயில ஈ கீதா?" என்றாள்.

ஈ இல்லை. மழைக்காலத்திலிருந்து நான் ஒரு மனுஷியிடம் தோற்றுக்கொண்டிருந்த வாதத்துக்குப் பதில் அந்த கிளாஸின் அடியில் கிடந்தது. அவரைப் பற்றிச் சொன்னால்தான் அது புரியும்.

மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் ஒரு சித்த மருந்துக் கம்பெனி. அதில் அவர் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரை எல்லாருக்கும் அவர் யக்கா. நான் தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தேன். புடவை மேல் வெள்ளைக் கோட்டு, கோட்டின் கை முழங்கை வரை மடித்து, பக்கத்தில் வந்தாலே வசம்பு வாசனை. எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். கண்ணு என்று ஆரம்பித்தால் அடுத்து ஏதோ ஒன்றை நான் விட்டுக்கொடுக்கப் போகிறேன் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அவருடைய வலது கை சும்மா இருக்காது. பேசும்போதெல்லாம் காற்றில் எதையோ கிண்டிக்கொண்டே இருக்கும். லேகியம் கிண்டிக் கிண்டி வந்த பழக்கம் என்று மற்றவர்கள் பாசமாகச் சொல்வார்கள். எதைக் கொடுத்தாலும் துடுப்புப் போட்டுக் கிண்டிவிடுகிற ஆள் என்பது என் கட்சி.

எதைக் கேட்டாலும் பாதி கிடைக்கும். மூலிகை ஒவ்வொன்றின் சாற்றையும் கண்ணாடித் தகட்டில் ஏற்றி அதற்கென்று ஓர் அடையாளப் படம் எடுத்து வைக்கலாம், சரக்கு வரும்போதெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம், ஒரு வருடத்தில் இந்தக் கம்பெனியை இந்தியாவுக்கே மாதிரியாக்கிவிடலாம் என்று சேர்ந்த புதிதில் நான் குதித்தேன். நல்லா செய் கண்ணு, ஆனா பாதி மூலிகைக்குச் செய் என்றார். புற ஊதா விளக்கும் நல்ல தராசும் கேட்டேன், விளக்கு வந்தது. நான்கு நாள் லீவு கேட்டால் இரண்டு நாள். இல்லை என்று சொல்லவே மாட்டார். இல்லை என்கிறவரோடு சண்டை போடலாம். பாதி கொடுக்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

கம்பெனிக்குப் பக்கத்தில் சிற்பப் பட்டறைகள். பொழுது விடிந்தால் கல் அறுக்கும் மெஷின் சத்தம், கூடவே வெள்ளையாகப் பறக்கும் தூள். எங்கள் ஆட்கள் நிலவேம்பைக் காயப்போடுவதும் அந்தக் காற்று வரும் பக்கத்தில்தான். ஒரு லாட்டிலிருந்து, அதாவது ஒரே தடவையாக வந்த சரக்கிலிருந்து, ஒரு பிடி எடுத்து எரித்துப் பார்த்தேன். மூலிகையை எரித்தால் சாம்பல் வரும். அந்தச் சாம்பலை அமிலத்தில் கொதிக்கவிட்டும் கரையாமல் மிஞ்சுவது பெரும்பாலும் மண்ணும் கல்லும்தான். எனக்கு மிஞ்சியதை வைத்து ஒரு சின்னப் பிள்ளையாரே பிடிக்கலாம். ஓடிப்போய் யக்காவிடம் சொன்னேன். சந்தோஷமாகத்தான் ஓடினேன், படித்த படிப்புக்கு முதல் பலன் அல்லவா.

நான் எழுதியிருந்த சாம்பல் அளவின் எண்ணை அவர் பார்த்தார். கை காற்றில் ஒரு சுற்று சுற்றியது.

"போன மாசம் வேடந்தாங்கல் பக்கத்துலேந்து வந்த சரக்கு சுத்தமா கீது இல்ல? அதுல இத்தக் கலந்துடு கண்ணு. கலந்தா சரியாப்பூடும்."

கலந்தோம். மறுபடி எரித்தேன். எண் சமர்த்தாக அனுமதித்த எல்லைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால் முதல் தடவை எனக்கே அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது: கல் எங்கேயும் போகவில்லை. காலையில் ஒரு லாட்டில் இருந்தது, சாயந்திரம் இரண்டு லாட்டிலும் இருக்கிறது. காயப்போடும் இடத்தை நாலடி தள்ளி மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. யாரும் மாற்றவில்லை. கலக்கத் தெரிந்தவர் இருக்கும்போது களத்தை மாற்ற என்ன அவசரம்?

ஆட்களையும் இப்படித்தான் கலப்பார். அமுலு அங்கே மூலிகை பொறுக்கும் பெண்களில் ஒருத்தி, என் வயதுதான். வேன் டிரைவர் மூட்டை இறக்கும் சாக்கில் அவளை இடித்துக்கொண்டே போவான். ஒருநாள் அவள் திரும்பி, கையிலிருந்த முறத்தாலேயே அவன் முகத்தில் ஒன்று வைத்தாள். பஞ்சாயத்து யக்காவிடம் போயிற்று. இரண்டு பேர் பேச்சையும் பொறுமையாகக் கேட்டார். அவரைப் போல அவ்வளவு பொறுமையாகக் கேட்கிறவரை நான் பார்த்ததில்லை. பிறகு தீர்ப்பு. அவன் கை பட்டது தப்பு, இவள் கை ஓங்கினது தப்பு, ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். அமுலு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அவன் இளித்துக்கொண்டு கேட்டான். ஆளுக்கொரு இஞ்சி மிட்டாய் கொடுத்து அனுப்பினார். வெளியே வந்ததும் அமுலு அதைப் பட்டறைப் பக்கம் வீசி எறிந்தாள்.

"அவன் மேல பத்து தப்பு, என் மேல ஒண்ணும் இல்ல. கலந்து ஆளுக்கு அஞ்சா பிரிச்சிக் குடுத்துட்டுது பாத்தியா?"

யக்காவை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. டிரைவர் அடுத்த வாரமே பழையபடி இடிக்க ஆரம்பித்தான். இந்த முறை அவனுக்குப் பயம்கூட இல்லை, கணக்கு நேராகிவிட்டதே.

ஒரு விஷயத்தை மட்டும் மறைக்க முடியாது. மதியச் சாப்பாடு. மணி அடித்ததும் ஒரு பெரிய குண்டானை நடுவில் வைப்பார். எல்லார் டப்பாவும் அதில் கவிழும். முதலாளி வீட்டிலிருந்து வரும் தயிர்சாதம், வாட்ச்மேனின் புளிச்சோறு, என் அம்மா கட்டிக்கொடுக்கும் கருவாட்டுக் குழம்பு, எல்லாம் ஒன்றாக. பிசைந்து, உருட்டி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைப்பார். பார்க்க எனக்குக் குமட்டும். ஆனால் எங்கள் காலனியிலிருந்து வேலைக்குப் போன முதல் தலைமுறைக்கு ஊர் டீக்கடையில் தனி கிளாஸ் என்பது கதையில்லை, கண்ணால் கண்டது. இந்தக் குண்டானில் அப்படி எதுவும் இல்லை. நான் சேர்ந்த புதிதில் அக்கவுண்டன்ட் ஒருத்தர் கருவாட்டைப் பார்த்து முகம் சுளித்தார். அன்றைக்கு அவருக்கு யக்கா ஒரு உருண்டை தரவில்லை, பாதிகூடத் தரவில்லை. அவர் யாருக்கும் எதையும் முழுசாக மறுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்தச் சோற்றை வாங்கித் தின்னும்போது எனக்கு அவரைப் பிடித்துத் தொலைக்கும். கை கழுவினதும் மறுபடி பிடிக்காது.

பிறகு ஐப்பசி மழை. ஸ்டோரின் தகரக் கூரை ஒழுகியது. உள்ளே இத்தனை மூட்டை இருக்க, சரியாக ஒரு ஜாதிக்காய் மூட்டையின் தலையில் ஒழுகியது. ஜாதிக்காய் விற்கிற விலைக்கு ஒரு மூட்டை நனைந்தால் முதலாளிக்குச் சோறு இறங்காது. வெயிலே இல்லாத நாட்களில் வெளியே பரப்பிக் காயவைத்தார்கள். பார்வைக்குக் காய்ந்துவிட்டது. காய்களை உடைத்துக்கொண்டிருந்த அமுலு ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். உள்ளே பச்சையும் சாம்பல் நிறமுமாகப் பஞ்சு.

"ஒண்ணு ரெண்டுதான் இப்டி கீது. மீதி நல்லாத்தான் கீது. இன்னா பண்ணட்டும்?"

அந்த ஜாதிக்காய் எங்கள் உரை மாத்திரைக்குப் போவது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுத் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுவார்களே, அந்த மாத்திரை. சுக்கு, வசம்பு, மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய் சேர்த்தது. பூஞ்சைகளில் சில வகை ஒரு நஞ்சை விடும். ஈரலைத் தாக்கும் நஞ்சு. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. பஞ்சு பிடித்த காய்களை மட்டும் அரைத்து, அதன் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றினேன். பக்கத்திலேயே, அந்த நஞ்சுதான் என்று உறுதியாகத் தெரிந்த கரைசல் ஒரு துளி. புற ஊதா விளக்கின் கீழே வைத்ததும் இரண்டும் ஒரே உயரத்தில் நீலமாக மின்னின. அழகான நீலம். மாமல்லபுரத்துக் கடல்கூட அவ்வளவு நீலம் இல்லை. வெளி ஆய்வுக்கூடத்துக்கும் மாதிரி போயிற்று. மூட்டையில் நஞ்சு அனுமதித்த எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று அறிக்கை வந்தது.

யக்கா அறிக்கையைப் படித்துவிட்டு என்னைத் தட்டிக்கொடுத்தார். நீ இல்லன்னா இது தெரிஞ்சே இருக்காது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மனசாரத்தான் சொன்னார். அப்புறம் கை சுழல ஆரம்பித்தது.

"நல்ல மூட்டை நாலு கீது. அதுல கலந்துடலாம் கண்ணு."

"யக்கா, இது கல்லுத்தூள் இல்ல. விஷம்."

"விஷம்தான். உப்பு அதிகமானாலும் விஷம்தான். எவ்ளோன்றதுலதான எல்லாமே கீது?"

மூட்டையையே கொளுத்தச் சொன்னேன். பாதியைக் கொளுத்தலாம் என்றார். சும்மா சொல்லக்கூடாது, அவரே முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, கண்ணுக்குப் பஞ்சு தெரிந்த காய்களையெல்லாம் பொறுக்கி எறிந்தார். மீதியை நல்ல சரக்கோடு கொட்டி அவரே துடுப்புப் போட்டார். கலந்ததிலிருந்து இங்கே ஒரு பிடி, அங்கே ஒரு பிடி எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து மறுபடி ஆய்வுக்கு அனுப்பினோம். மாதிரி எடுக்கிற முறையே அதுதான், நானும் அப்படித்தான் படித்தேன். அறிக்கை வந்தது. எல்லைக்குள்.

"நீ கத்துக்கின சயின்ஸ்தான இது? நீ சொன்ன லேபுதான? அது சரின்னுது. இப்ப இன்னா?"

தப்பு என்று மட்டும் தெரிந்தது. எங்கே தப்பு என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. முதலாளியிடம் போனேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், யக்காவக் கேட்டுக்கோம்மா என்றார். மாத்திரை வெளியே போகும் தாளில் வழக்கமாக நான்தான் கையெழுத்துப் போடுவேன். போட மாட்டேன் என்றேன். யக்கா கோபிக்கவில்லை. நீ பாதி ஒத்துக்கோ, நான் பாதி ஒத்துக்கறேன், கீழே ரெண்டு பேருமா போட்டுடலாம் என்றார். கையெழுத்தில்கூடக் கலப்பு. நான் எழுந்து வந்துவிட்டேன். பொறுப்பாளர் என்ற முறையில் அவரே தனியாகப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மணி அடிக்கும் முன்பே என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலையை விட்டே வெளியேறினேன். பின்னாலேயே வந்து, சாப்பிட்டுட்டுப் போ கண்ணு என்றார். அந்த வார்த்தைக்காக இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். வந்தார்கள். சில பெட்டிகளை எடுத்துப்போய், மாத்திரைகளை ஒன்றாகச் சேர்த்து அரைத்து, சோதித்து, சரி என்று பதில் அனுப்பினார்கள். இப்போது நான் செங்கல்பட்டில் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். எண்ணெய் ஆட்டுகிறவர்கள் கொண்டுவரும் மல்லாட்டையில் (வேர்க்கடலைதான்) இதே நஞ்சைத் தேடுவதுதான் வேலை. ஒவ்வொரு மாதிரியிலும் தேடும்போது அவர் முகம் வந்து நின்று, இப்ப இன்னா என்று கேட்கும்.

திருவிடந்தைக் கடைக்கு அமுலுவைப் பார்க்கத்தான் போயிருந்தேன். அவளும் அங்கே வேலையை விட்டுவிட்டு இங்கே ஒரு ஓட்டலில் இருக்கிறாள். டீ வருவதற்குள் அவள் சொன்ன செய்தி இது: யக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவத்துக்குத் தாய்வீட்டில்தான் இருக்கிறாள்.

"அந்த லாட்டு மாத்திரதான் ரெண்டு பொட்டி எடுத்துகினு போச்சு. தெனமும் கொயந்தைக்கு உரைச்சி ஊத்திகினு கீதாம்."

"தெரிஞ்சேவா?"

"தெரியாம இன்னா? அதுதான கலந்துச்சு. நல்ல மாத்திர, நம்ம கையால கலந்ததுன்னு பெருமையா வேற சொல்லிகினு திரியுது."

இத்தனை மாதமாக நான் அவரை மனசுக்குள் திருடி என்று திட்டிக்கொண்டிருந்தேன். வசதியாக இருந்தது. திருடி தன் பேத்தி நாக்கில் அதைத் தடவ மாட்டாள். இவர் நம்புகிறார். கை சுற்றச் சுற்ற கெட்டது கரைந்து காணாமல் போய்விடும் என்று நிஜமாகவே நம்புகிறார். அதைக் கேட்ட பிறகு என் வெறுப்பு குறைந்ததா என்றால், இல்லை. பயம் சேர்ந்துகொண்டது. அந்தப் பயத்தோடு டீயை எடுத்தேன், கலக்க மறந்தேன், கடைசி மடக்கில் பல் கூசியது.

சராசரியை எந்தக் குழந்தையும் குடிப்பதில்லை. ஒரு குழந்தை குடிப்பது ஒரு மாத்திரையை.

இவ்வளவுதான் பதில். பூஞ்சை மூட்டை முழுக்கப் பரவியிருக்கவில்லை. ஏதோ சில காய்களுக்குள் மட்டும் குடியிருந்தது. உடைக்காத காய்க்குள் இருப்பது கண்ணால் பொறுக்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அங்கே அரைப்பது சின்ன மெஷின், ஈடு ஈடாகத்தான் அரைப்பார்கள். கெட்ட காய் விழாத ஈட்டில் வந்த மாத்திரை சுத்தம். இரண்டு மூன்று சேர்ந்து விழுந்த ஈட்டில் வந்த மாத்திரை, கிளாஸின் அடியில் கிடந்த சர்க்கரை. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துப் பார்த்தால் அறிக்கை எப்போதும் சரி என்றுதான் வரும். யக்கா துடுப்பால் செய்ததையே நாங்கள் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு முறை செய்துகொண்டிருந்தோம்.

அப்படியானால் சேர்க்காமல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாத்திரையாக. இப்போது நான் வேலை பார்க்கும் இடத்து மெஷினுக்கு ஒரு மாத்திரை போதும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொள்ள அனுமதியும் வாங்கிவிட்டேன். மாத்திரைக்குத்தான் பஞ்சம். கடற்கரைச் சாலை வழியாகக் கேளம்பாக்கம் வரை ஸ்கூட்டியில் போய்க் கடை கடையாகக் கேட்டேன். அந்த லாட் தீர்ந்துவிட்டது, எல்லாம் புதுசு. கம்பெனி எடுத்துவைத்திருக்கும் மாதிரி நான் கேட்டால் வராது. எனக்குத் தெரிந்து மீதி இருப்பது ஒரே இடத்தில்தான்.

நாளைக் காலை திருக்கழுக்குன்றத்துக்கு, அவர் வீட்டுக்குப் போகிறேன். வா கண்ணு என்பார். எதுவுமே நடக்காதது போல டீ போடுவார். கலக்காமல் கொடுங்கள் என்பேன். முக்கால்வாசியை நான் குடித்துவிட்டுக் கடைசி மடக்கை அவரைக் குடிக்கச் சொல்வேன். மகளும் பக்கத்தில் இருக்க வேண்டும், அவளுக்கும் கேட்கும்படி சொல்வேன். பிறகு அந்த இரண்டு பெட்டிகளையும் கேட்பேன். மீதி மாத்திரை எல்லாமே சுத்தமாக இருந்துவிடலாம். இருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வருவேன், அவர் ஜெயித்தார் என்று ஊரெல்லாம் சொல்லட்டும். ஏற்கெனவே உரைத்துத் தீர்ந்துபோனவற்றை எந்த மெஷினிலும் ஓட்ட முடியாது.

அவர் என்ன சொல்வார் என்பதும் தெரியும். மறுக்க மாட்டார். பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்வார். வலது கை காற்றில் ஒரு சுற்று சுற்றும். பாதி நீ எடுத்துக்கோ கண்ணு, பாதி கொயந்தைக்கு இருக்கட்டும்.

அதற்கு மட்டும் பதிலை நேற்றிலிருந்து ஸ்கூட்டி ஓட்டும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். குரல் நடுங்காமல் வர வேண்டும். கெஞ்சவும் கூடாது, கத்தவும் கூடாது.

"பாதி வாணாம் யக்கா. முழுசா குடுங்க."